சிலர் காதுக்கு மட்டும்: விண்ட்சர் உறுமல், ஒரு நிகழ்வு ஆய்வு

ராத்திரி ஒரு மணி. தெரு அடங்கிவிட்டது. ஆனால் வாசலில் யாரோ டீசல் லாரியை நிறுத்திவிட்டு எஞ்சினை அணைக்காமல் போய்விட்டது போல ஓர் ஓசை. எழுந்து போய்க் கதவைத் திறந்தால் தெருவில் வண்டி எதுவும் இல்லை. பக்கத்தில் படுத்திருப்பவரை எழுப்பிக் கேட்டால், "எனக்கு ஒண்ணும் கேக்கலையே" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்கிறார். மறுபடி தலையணையில் தலை வைத்ததும் அதே உறுமல்.

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், டெட்ராய்ட் ஆற்றின் கரையில் இருக்கிறது விண்ட்சர் நகரம். ஆற்றுக்கு அந்தப் பக்கம் அமெரிக்கா. 2011 முதல் சுமார் ஒன்பது ஆண்டுகள் இந்த ஊரின் மேற்குப் பகுதியிலும், அருகே உள்ள லசால் ஊரிலும் பல வீடுகளில் நடந்தது இதுதான். சிலருக்கு அது தாழ்ந்த முனகல். சிலருக்கு விட்டுவிட்டு வரும் அதிர்வு. ஜன்னல் கண்ணாடி நடுங்குகிறது, அலமாரியில் பாத்திரம் கிலுகிலுக்கிறது என்றார்கள் சிலர். அதே தெருவில், அதே வீட்டில் இருந்த பலருக்கோ எதுவுமே கேட்கவில்லை. ஆங்கிலத்தில் இந்த வகை ஓசைக்கு ஒட்டுமொத்தமாக 'ஹம்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். தமிழில் 'ரீங்காரம்' என்று சொன்னால் வண்டின் மெல்லிய ஓசை நினைவுக்கு வந்துவிடும். இதற்கு 'உறுமல்' என்ற சொல்தான் பொருந்தும். உறுமி மேளத்தைத் தேய்க்கும்போது காதைவிட நெஞ்சில் அதிகம் உணர்வோமே, அந்த இனத்து ஓசை இது.

சிலருக்கு மட்டும் கேட்கும் ஓசை என்றதும் நம் மனம் இரண்டில் ஒரு பக்கம் ஓடிவிடும். ஒன்று, கேட்கிறது என்பவருக்கு மனப்பிரமை. இல்லையென்றால் ஏதோ ரகசியம், ராணுவம், அமானுஷ்யம். விண்ட்சர் நிகழ்வை நான் விரிவாக எடுத்துக்கொண்டதற்குக் காரணம், இரண்டுமே அங்கே தோற்றுப்போயின என்பதுதான்.

முதலில் வந்தது பூகம்பக் கருவி

புகார்கள் பெருகியதும் 2011இல் கனடாவின் இயற்கை வளத் துறை தன் நிலநடுக்க ஆய்வாளர்களை அனுப்பியது. பூகம்பத்தை அளக்கும் கருவிகளைக் கொண்டுவந்து விண்ட்சர் பகுதியில் வைத்தார்கள். ஓசைக்குப் பூகம்பக் கருவி எதற்கு என்று தோன்றலாம். தாழ்ந்த ஓசை காற்றில் வந்தாலும் தரையை லேசாக நடுங்கவைக்கும், அந்த நடுக்கம் கருவியில் பதியும். பல இடங்களில் வைத்த கருவிகளில் அது எப்போது எந்த இடத்துக்கு வந்து சேர்கிறது என்று ஒப்பிட்டால், புறப்பட்ட திசை தெரிந்துவிடும்.

தெரிந்தது. சுமார் 35 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 35 அதிர்வுகள் கொண்ட ஓசை. பூமிக்குள்ளிருந்து வரவில்லை, காற்று வழியாக வருகிறது. வரும் இடம் ஆற்றின் அமெரிக்கக் கரையில், மிச்சிகன் மாநிலத்தின் ரிவர் ரூஜ் என்ற சிற்றூரில் உள்ள ஸக் தீவு. அங்கும் சுமார் 1 சதுர கிலோமீட்டர் பரப்புக்குள் வட்டத்தைச் சுருக்கிவிட்டார்கள். ரூஜ் ஆறும் டெட்ராய்ட் ஆறும் சேரும் இடத்தில் கால்வாய் வெட்டியதால் தீவாக மாறிய நிலம் அது. நூறு ஆண்டுகளுக்கு மேலாக அங்கே இரும்பு உருக்கிவந்தார்கள். இந்தக் காலகட்டத்தில் அங்கிருந்த ஊதுலைகள் யூ.எஸ். ஸ்டீல் நிறுவனத்துக்குச் சொந்தமானவை.

இத்துடன் வழக்கு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. நடுவில் ஓர் ஆறு, ஆற்றின் நடுவே ஒரு நாட்டு எல்லை. கேட்கிறவர்கள் கனடாவில், உலை அமெரிக்காவில். ரிவர் ரூஜ் நகராட்சியோ, விசாரணைக்குச் செலவிடத் தங்களிடம் பணம் இல்லை என்றது. 2012இல் விண்ட்சர் மக்களுக்காக நடந்த ஒரு தொலைபேசிக் கூட்டத்தில் 20,000க்கும் மேற்பட்டோர் இணைந்தார்கள். இணைந்த எல்லோருக்குமே உறுமல் கேட்டது என்று இதற்கு அர்த்தம் இல்லை. ஆனால் ஊருக்கு இது எவ்வளவு பெரிய விஷயமாகிவிட்டது என்பதற்கு அந்த எண்ணிக்கை போதும்.

2013 ஜனவரியில் கனடா மத்திய அரசு 60,000 டாலர் ஒதுக்கி முறையான ஆய்வுக்கு ஏற்பாடு செய்தது. விண்ட்சர் பல்கலைக்கழகத்தின் காலின் நோவாக் தலைமையில் ஒரு குழு, வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்திலிருந்து இன்னொரு குழு. 2014 மே மாதம் அறிக்கை வெளிவந்தது. உறுமல் உண்மையிலேயே இருக்கிறது, அதன் குணம் மக்கள் சொன்னதோடு ஒத்துப்போகிறது, ஸக் தீவின் ஊதுலை வேலைகளே மூலமாக இருக்க அதிக வாய்ப்பு என்றது அறிக்கை. உறுதியாகக் கைகாட்ட வேண்டுமானால் ஆற்றின் அந்தப் பக்கத்தின் ஒத்துழைப்பு வேண்டும் என்றும் சொன்னது. அந்த ஒத்துழைப்பு கடைசிவரை கிடைக்கவில்லை. எந்த இயந்திரம், எந்தக் குழாய், எந்த நேரத்து வேலை என்பதை உள்ளே போய்ப் பார்க்காமல் யாராலும் சொல்ல முடியாது.

ஆனாலும், மூன்று ஆண்டுகளாக "உனக்கு மட்டும் எப்படிக் கேக்குது?" என்ற கேள்வியைச் சுமந்துகொண்டிருந்தவர்களுக்கு அந்த அறிக்கையின் முதல் வரியே பெரிய விஷயம். இருக்கிறது என்று அரசுச் செலவில் எழுதிக்கொடுத்துவிட்டார்கள்.

ஒரே வீட்டில் ஒருவருக்கு மட்டும் எப்படி?

மொத்த விவகாரத்தில் ஆழ்ந்து பார்க்க வேண்டிய இடம் இதுதான். இதில் மர்மம் குறைவு, இயற்பியல் அதிகம்.

மனிதக் காது எல்லா ஓசைக்கும் ஒரே மாதிரி திறந்திருப்பதில்லை. பேச்சு நடக்கும் உயரத்தில், 1,000 ஹெர்ட்ஸ் பக்கத்தில், 2 அல்லது 3 டெசிபல் (ஓசையின் பலத்தை அளக்கும் அலகு) இருந்தாலே நல்ல காதுக்குக் கேட்டுவிடும். 40 ஹெர்ட்ஸுக்கு இறங்கினால் 51 டெசிபல் தேவை. 31.5 ஹெர்ட்ஸில் ஏறக்குறைய 60. விண்ட்சரின் 35 ஹெர்ட்ஸ் இந்த இரண்டுக்கும் நடுவில், அதாவது 55, 56 டெசிபல் அருகில் கேட்கத் தொடங்கும். இதெல்லாம் சராசரிக் கணக்கு. ஆளுக்கு ஆள் பத்து டெசிபல், அதற்கு மேலும்கூட வித்தியாசம் உண்டு. ஆகவே ஓர் ஓசை அந்த விளிம்பிலேயே நின்றால், கணவருக்கு அது விளிம்புக்குக் கீழே, மனைவிக்கு மேலே. யாரும் பொய் சொல்லவில்லை.

இன்னொன்றும் உண்டு. இந்தத் தாழ்ந்த பகுதியில் விளிம்பைத் தாண்டியபின் ஓசை கொஞ்சம் கூடினாலே காதுக்கு அது மிகவும் கூடியதாகத் தெரியும். அதனால்தான் "லேசா கேக்குது" என்பவர்கள் குறைவு. ஒன்று கேட்கவே கேட்காது, அல்லது தாங்க முடியாது.

வீட்டின் பங்கும் இதில் பெரிது. 35 ஹெர்ட்ஸ் ஓசையின் ஓர் அலை காற்றில் சுமார் 9.8 மீட்டர் நீளம். அதில் பாதி 4.9 மீட்டர், நம் கணக்கில் 16 அடி. ஆக, 16 அடி நீள அறைக்குள் இந்த ஓசை புகுந்தால் இரு சுவர்களுக்கும் நடுவே தேங்கி நிற்கும். சுவர் ஓரத்தில் அழுத்தம் அதிகம். அறையின் நடுவில் ஏறக்குறைய இல்லவே இல்லை. கட்டிலைச் சுவரோடு ஒட்டிப் போட்டுப் படுத்திருப்பவருக்கு உறுமல் கேட்கும். "எங்கே கேக்குது?" என்று அறை நடுவில் வந்து நின்று காது கொடுப்பவருக்குக் கேட்காது. படுத்திருப்பவர் எழுந்து அவர் பக்கத்தில் வந்து நின்றால் அவருக்கும் நின்றுவிடும். இந்த ஒரு காட்சி எத்தனை குடும்பங்களில் எத்தனை சண்டையாகியிருக்கும் என்று நினைத்தால் எனக்கு மனசு கனக்கிறது.

ஜன்னலை அடைத்தால் கூடுகிறது, வெளியே போனால் குறைகிறது என்று கேட்பவர்கள் எல்லா ஊரிலும் சொல்கிறார்கள். இதைத்தான் பலர் பிரமைக்கு அத்தாட்சியாக எடுத்துக்கொண்டார்கள். உண்மையில் சுவரும் கண்ணாடியும் உயர்ந்த ஓசைகளைத்தான் தடுக்கும், தாழ்ந்தவற்றை விட்டுவிடும். திருவிழாவுக்குப் போகும்போது ஒரு கிலோமீட்டர் தள்ளியே ஒலிபெருக்கியின் 'தும் தும்' வந்துவிடும், பாட்டு என்ன என்பது பக்கத்தில் போனால்தான் தெரியும். அதே கதைதான். ஜன்னலைச் சாத்தியதும் தெருச்சத்தம், காற்றின் சலசலப்பு எல்லாம் வெளியே நின்றுவிடும். அவற்றுக்குப் பின்னால் மறைந்திருந்த உறுமல் மட்டும் உள்ளே மிஞ்சும்.

அளக்க வந்தவர்களின் கருவியும் பல இடங்களில் பாதிக்கப்பட்டவரைக் கைவிட்டிருக்கிறது. வழக்கமான இரைச்சல் அளவீடு 'ஏ' எடையிட்ட டெசிபலில் நடக்கிறது. அந்தக் கணக்கு மனிதக் காதைப் பின்பற்றித் தாழ்ந்த ஓசைகளைக் கழித்துவிடும். 35 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஏறத்தாழ 37 டெசிபல் கழிந்துபோகும். அறையில் 60 டெசிபல் உறுமல் இருந்தால் மீட்டரில் 23 என்று வரும். எந்த நகராட்சி விதியிலும் 23 என்பது அமைதி. அளந்தவர் படிவத்தில் 'பிரச்சினை இல்லை' என்று எழுதிவிட்டுப் போவார். ஆனால் 60 என்பது 35 ஹெர்ட்ஸில் சராசரிக் காதுக்கே கேட்கும் அளவு.

காது மருத்துவரிடம் போனாலும் இதே பள்ளம் காத்திருக்கிறது. வழக்கமான கேட்புத்திறன் சோதனை 250 ஹெர்ட்ஸிலிருந்து, சில இடங்களில் 125இலிருந்து, தொடங்கும். 'நார்மல்' என்று எழுதித் தரும் அந்தத் தாள், 35 ஹெர்ட்ஸில் அந்தக் காது எப்படி இருக்கிறது என்பதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்வதில்லை.

உலை அணைந்த நாள்

2019 டிசம்பரில் யூ.எஸ். ஸ்டீல் நிறுவனம் டெட்ராய்ட் அருகே உள்ள தன் ஆலையில் இரும்பு, எஃகு உருக்கும் பிரிவுகளை நிறுத்தப்போவதாக அறிவித்தது. காரணம் வியாபாரம். உறுமலுக்கும் அந்த முடிவுக்கும் சம்பந்தம் இல்லை. 2020 ஏப்ரலில் ஸக் தீவில் உலை வேலை நின்றது. விண்ட்சரில் உறுமல் நின்றது.

இங்கே ஒரு நியாயமான சந்தேகம் எழும். அது கொரோனா ஊரடங்குக் காலம். சாலை வெறிச்சோடி, மற்ற தொழிற்சாலைகளும் மூடிக் கிடந்த மாதம். வேறு ஏதாவது நின்றதால் உறுமல் நின்றிருக்கலாமே? ஆனால் வாகனத் தொழிற்சாலைகள் மே, ஜூன் மாதங்களில் மீண்டும் ஓடத் தொடங்கிய பிறகும், ஆண்டுக்கணக்கில் உறுமலைக் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் ஊர் அமைதியாகவே இருக்கிறது என்றார்கள். திறக்காமல் இருந்தது ஊதுலைதான். 2011இல் கருவிகள் காட்டிய இடம், 2014 அறிக்கை சொன்ன இடம், 2020இல் ஓசை அடங்கிய இடம், மூன்றும் ஒன்றே. நீதிமன்றத்தில் நிற்குமோ தெரியாது. எனக்கு இது போதும்.

ஒரு கரையில் தூக்கம் திரும்பியபோது மறுகரையில் சுமார் 1,500 பேருக்கு வேலை போகும் என்ற அறிவிப்பு வந்திருந்தது. ஓசை எந்த இயந்திரத்திலிருந்து வருகிறது என்று முன்பே கண்டுபிடித்து ஒரு மஃப்ளரோ தடுப்போ வைத்திருந்தால் விண்ட்சர்க்காரர்கள் ஒன்பது ஆண்டு காத்திருக்க வேண்டியிருந்திருக்காது.

கொகோமோ: மூலம் கிடைத்தும் தீராதது

அப்படிக் கண்டுபிடித்துத் தடுப்பும் வைத்த ஊர் ஒன்று இருக்கிறது. அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் உள்ள தொழில் நகரம் கொகோமோ. 1999 முதல் அங்கே நூற்றுக்கும் மேற்பட்டோர் உறுமலைப் பற்றிப் புகார் சொன்னார்கள். தலைவலி, குமட்டல், தூக்கமின்மை, ஓயாத அசதி என்று கூடவே நீளும் பட்டியல். 2002இல் நகரசபை 1,00,000 டாலர் ஒதுக்கி, மாசாசூசெட்ஸைச் சேர்ந்த அசென்டெக் என்ற ஒலியியல் ஆலோசனை நிறுவனத்தை அமர்த்தியது.

அவர்கள் தேடி இரண்டு மூலங்களைக் கையும் களவுமாகப் பிடித்தார்கள். டெய்ம்லர்கிரைஸ்லரின் வார்ப்பு ஆலையில் குளிர்விக்கும் விசிறியிலிருந்து 36 ஹெர்ட்ஸ் ஓசை. ஹேய்ன்ஸ் இன்டர்நேஷனல் ஆலையில் காற்று கம்ப்ரஸரின் உறிஞ்சு வாயிலிருந்து 10 ஹெர்ட்ஸ் ஓசை. 36 ஹெர்ட்ஸ் என்பதைக் கவனியுங்கள், விண்ட்சரின் 35க்குப் பக்கத்து வீடு. பெரிய விசிறி, பெரிய ஊதுகுழாய், பெரிய கம்ப்ரஸர் இவை ஓடும் இடங்களில் இப்படித் தாழ்ந்த ஓசை எழலாம்.

இரண்டையும் சரிசெய்தார்கள். சிலருக்கு நிம்மதி வந்தது. வேறு சிலருக்கு உறுமல் அப்படியே தொடர்ந்தது.

இந்த இடத்தில்தான் பலர் வழுக்கி விழுகிறார்கள். "பார்த்தீர்களா, எல்லாம் பிரமை" என்று ஒரு கூட்டம், "பார்த்தீர்களா, உண்மையான மூலத்தை மறைக்கிறார்கள்" என்று இன்னொரு கூட்டம். நான் பார்க்கும்வரையில் கொகோமோவில் 'ஹம்' என்ற ஒரே பெயரின் கீழ் குறைந்தது இரண்டு வெவ்வேறு சங்கதிகள் இருந்தன. ஒன்று காற்றில் வந்தது, அது நின்றது. இன்னொன்று கேட்பவரின் காதிலோ மூளையின் கேட்புப் பாதையிலோ இருந்திருக்கலாம். ஆண்டுக்கணக்கில் இரவெல்லாம் ஓசையைத் தேடிப் பழகிய காது, ஓசை நின்ற பிறகும் தேடுவதை நிறுத்துவதில்லை.

டாவ்ஸ்: கருவிக்கு அகப்படாதது

உலகத்துக்கு 'ஹம்' என்ற பெயரைப் பிரபலமாக்கிய ஊர், நியூ மெக்சிகோ மாநிலத்தின் மலைச்சிற்றூர் டாவ்ஸ். அங்கே உருக்காலை எதுவும் கிடையாது. 1993இல் ஊர்மக்கள் அமெரிக்க நாடாளுமன்றம்வரை முறையிட்டார்கள். நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தின் ஜோ மல்லின்ஸ் தலைமையில், லாஸ் அலமாஸ், சாண்டியா தேசிய ஆய்வகங்களின் ஆட்களும் சேர்ந்து ஒலிவாங்கி, நில அதிர்வுக் கருவி, மின்காந்த அளவி எல்லாவற்றையும் கொண்டுவந்து வைத்தார்கள். கேட்பவர்களின் புகாருக்குப் பொருந்தும் ஓசை எதுவும் சிக்கவில்லை. 1,440 பேரிடம் நடத்திய கணக்கெடுப்பை வைத்து, ஊரில் சுமார் 2 சதவீதம் பேருக்குக் கேட்கிறது என்று மதிப்பிட்டார்கள்.

அந்த ஆய்வில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. கேட்பவர்களை உட்காரவைத்து, கருவியில் ஒரு சுரத்தை மாற்றி மாற்றி ஒலிக்கவிட்டு, "நீங்கள் கேட்பது இதுவா?" என்று பொருத்திப் பார்க்கச் சொன்னார்கள். ஒருவர் 32 ஹெர்ட்ஸ் பக்கம் நிறுத்தினார், இன்னொருவர் 80 பக்கம். ஒன்றுக்கும் மற்றதற்கும் ஒரு ஸ்தாயிக்கு மேல் தூரம். ஊருக்குப் பொதுவாக ஒரே இயந்திரம் உறுமினால் எல்லோரும் ஏறக்குறைய ஒரே சுரத்தில் வந்து நின்றிருப்பார்கள். விண்ட்சரில் கருவி காட்டியது 35 என்ற ஒரே எண். டாவ்ஸில் தலைக்கு ஒன்று. டாவ்ஸ் உறுமலில் ஒரு பகுதியாவது காதுக்குள் பிறப்பது என்று நான் சாய்வதற்கு இதுவே காரணம். காதும் ஓசை எழுப்பும் என்பதைப் பிரிட்டிஷ் ஆய்வாளர் டேவிட் கெம்ப் 1978இலேயே அளந்து காட்டிவிட்டார். ஆனால் காதில் தானாக எழும் ஓசைகள் பெரும்பாலும் 1,000 ஹெர்ட்ஸை ஒட்டியும் அதற்கு மேலும் இருப்பவை. ஆகவே அந்த விளக்கமும் டாவ்ஸுக்கு முழுசாகப் பொருந்தாது.

ராணுவக் கதையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது ஓயாமல் திரும்ப வருகிறது. கடலுக்கடியில் இருக்கும் நீர்மூழ்கிகளோடு பேச அமெரிக்கக் கடற்படை விஸ்கான்சினிலும் மிச்சிகனிலும் 76 ஹெர்ட்ஸ் ரேடியோ நிலையங்களை நடத்தியது. அதுதான் மனிதக் காதில் உறுமலாகக் கேட்கிறது என்றார்கள். அந்த நிலையங்களை 2004இல் மூடிவிட்டார்கள். விண்ட்சரில் புகார் எழுந்தது 2011இல். பூமியே ஹம் செய்கிறது என்று அவ்வப்போது வரும் செய்தியும் இப்படித்தான். கடலலைகள் தரையில் மோதி எழுப்பும் அந்த நடுக்கம் உண்மை, ஆனால் அதன் ஓர் அதிர்வுக்கே பல நொடிகள் ஆகும். எந்தக் காதுக்கும் எட்டாது.

கலிஃபோர்னியாவின் சாசலிடோவில் 1980களில் படகுவீடுகளில் வசித்தவர்களைத் தூங்கவிடாமல் செய்த உறுமல் மட்டும் வேறு ரகம். சாக்கடைப் பம்பு என்றார்கள், ராணுவம் என்றார்கள். கடைசியில் அது இணையைக் கூப்பிடும் ஆண் மிட்ஷிப்மேன் மீன் என்று தெரிந்தது. படகின் அடித்தட்டு அந்த ஓசையை அப்படியே உள்ளே கொண்டுவந்திருக்கிறது.

வீட்டில் ஒருவருக்குக் கேட்டால்

இத்தனை ஊர்களின் அனுபவத்திலிருந்து, செய்யத்தக்கதாக எனக்குத் தெரிவதைச் சொல்கிறேன். முதலில், கேட்கிறது என்பவரை நம்பிவிடுங்கள். நம்பினால்தான் தேடவே முடியும்.

ஓசை கேட்கும் நேரத்தில் வீட்டு மெயினை அணைத்துப் பாருங்கள். ஃபிரிட்ஜ், இன்வெர்ட்டர் பேட்டரி, மாடித் தொட்டிக்கு ஏற்றும் மோட்டார் எல்லாம் நிற்க வேண்டும். நின்றும் கேட்டால் அறைக்குள் இடம் மாறி நின்று பாருங்கள், சுவரோரம் ஒரு தடவை, நடுவில் ஒரு தடவை. இடத்துக்கு இடம் மாறினால் அது காற்றில் இருக்கிற ஓசை. தலை போகும் இடமெல்லாம் மாறாமல் கூடவே வந்தால், பத்துப் பதினைந்து கிலோமீட்டர் தள்ளி உறவினர் வீட்டில் இரண்டு இரவு தங்கிப் பாருங்கள். அங்கேயும் அதே சுரத்தில் கேட்டால் காது மருத்துவரிடம் போக வேண்டும். உட்காதைப் பாதிக்கும் மெனியர் நோயில் தாழ்ந்த இரைச்சல் வருவதுண்டு. நாடித்துடிப்போடு சேர்ந்து வந்தால் தாமதிக்கவே கூடாது.

ஊரில் மட்டும்தான் கேட்கிறது என்றால் நாள், நேரம், காற்று எந்தப் பக்கம் அடித்தது, அன்று ஞாயிற்றுக்கிழமையா, பக்கத்து ஆலைக்கு லீவா என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அளக்க வருபவரிடம் 'ஏ' எடையிட்ட ஒற்றை எண் வேண்டாம், மூன்றில் ஒரு ஆக்டேவ் பட்டைகளாக (தாழ்ந்தது முதல் உயர்ந்ததுவரை ஓசையைச் சிறு சிறு பகுதிகளாகப் பிரித்து), 20 ஹெர்ட்ஸ்வரை இறக்கி, எடையிடாமல் அளந்து தாருங்கள் என்று கேளுங்கள். மீட்டரை அறை நடுவில் வைக்க விடாதீர்கள். தலையணை இருக்கும் இடத்தில் வைக்கச் சொல்லுங்கள்.